திண்டுக்கல் தாண்டினால் கால் நகர மறுக்கிறது: பழநிக்கு நடக்கிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

செக்காலைக்காரன் எழுதியது:

காரைக்குடிப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழநி நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பி திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, சமுத்திராப்பட்டி, நத்தம், கோபால்பட்டி, திண்டுக்கல் என்று போகும் வழக்கமான பாதைதான். மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர். எங்கள் குழு நான்கு நாளில் முடித்துவிடும்.

நத்தம் வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டு, பேச்சு, வழியெல்லாம் டீ என்று போய்விடும். திண்டுக்கல் ஊருக்குள் நுழையும்போதே உள்ளங்கால் எரிய ஆரம்பிக்கும். அங்கிருந்து பழநி இன்னும் 60 கிலோமீட்டர் என்று பலகையில் பார்த்ததும் மனசு விட்டுப்போகிறது. ரெட்டியார்சத்திரம் தாண்டி செம்மடைப்பட்டி வருவதற்குள் குழு முன்னால் போய்விடும், நான் தனியாக இழுத்துக்கொண்டு வருவேன். ஒவ்வொரு வருடமும் இதே கதை.

இந்தத் துண்டை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "முருகன் பார்த்துக்கொள்வான்" என்று மட்டும் பதில் போடாதீர்கள். அது எனக்கும் தெரியும்.

---

மருதுபட்டி மாமா எழுதியது:

தம்பி, கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நான்கு நாள்.

நகரத்தார் காவடி 400 வருடமாக இதே பாதையில் போகிறது என்பார்கள். அவர்கள் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த ஊரில் தங்குவது, எங்கே சாப்பாடு எல்லாம் பழக்கத்தில் வந்தது. தோளில் காவடி இருக்கிற மனுஷன், அதில் வயசானவர்களும் உண்டு, நாளைக்கு எவ்வளவு நடக்க முடியும் என்று பார்த்து வைத்த அளவு அது. நாம் ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று அதைப் பாதியாகச் சுருக்கிவிட்டு, மூன்றாம் நாள் கால் வலிக்கிறது என்கிறோம். வலிக்காமல் என்ன செய்யும்?

பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் நாள் உற்சாகத்தில் 40 கிலோமீட்டர், இரண்டாம் நாளும் அதே அளவு. இரண்டு ராத்திரியும் பள்ளிக்கூடத் திண்ணையிலோ கல்யாண மண்டபத்திலோ மூன்று மணி நேரத் தூக்கம். திண்டுக்கல்லில் வந்து நிற்கும்போது கால் மட்டுமா களைத்திருக்கும்? தூக்கம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை, எல்லாக் கடனும் அங்கே வைத்துத்தான் வசூலாகும். அந்த ரோட்டில் பெரிய ஏற்றம்கூடக் கிடையாது. நத்தம் பக்கம் மலையும் தோப்பும் கண்ணுக்குத் துணை, இங்கே நேர் ரோடு, வெயில், லாரி. அதனால்தான் நீளமாகத் தெரிகிறது.

லீவை ஒரு நாள் கூட்டப் பாருங்கள். முடியாது என்றால் முதல் நாளைக் குறையுங்கள். குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர் தாண்டி ஏதாவது ஓர் ஊரில் வெள்ளென படுத்துவிடுங்கள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், செம்மடைப்பட்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

---

சிங்கம்புணரி செல்வன் எழுதியது:

மாமா சொல்வதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் திண்டுக்கல்லுக்குப் பிறகு பகல் நடையே கிடையாது. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து நடந்தால் ஒன்பது, பத்து மணிக்குள் அன்றைய பாதி முடிந்துவிடும். அப்புறம் சாயங்காலம் நாலு மணி வரை நிழலில் கிடப்போம். மறுபடி ராத்திரி ஒன்பது வரை.

தைப்பூசம் 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. பத்து நாள் தள்ளி வந்தாலே மதியத் தார் ரோட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், அதுவும் வெறுங்காலில். பனிக்குக் காதை மூடித் துண்டு கட்டுகிற அதே ரோட்டில் பன்னிரண்டு மணிக்குப் பாதம் வைக்க முடியாது.

இருட்டில் நடந்தால் முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். போலீஸ்காரர்கள் வழியில் கொடுத்தால் வாங்கி ஒட்டுங்கள், மடித்துப் பையில் வைக்காதீர்கள். நடைபாதை இருக்கிற இடத்தில் அதில்தான் நடக்க வேண்டும். இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வலது ஓரம். முதுகுக்குப் பின்னால் வருகிற லாரியை நம்பி நடக்கக் கூடாது. ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

நான் செவிலியர். தைப்பூச சமயத்தில் ரோட்டோர மருத்துவ முகாமில் உட்காருவேன். நடக்கிறவர்கள் முகத்தைவிட உங்கள் பாதங்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும், மன்னிக்கவும்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அந்த இடம் சூடாக, லேசாக உரசுவது போல இருக்கும். அப்போதே உட்கார்ந்து மண்ணைத் துடைத்து, காயவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போகிறவர்கள்தான் எங்களிடம் படுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சின்னக் கொப்புளத்தை உடைக்க வேண்டாம், மூடிவிட்டுப் போங்கள். பெரிதாகி மிதிக்கவே முடியவில்லை என்றால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டுக் கட்டுப் போட வேண்டும். தோலைக் கிள்ளி எடுக்காதீர்கள். சட்டையில் குத்தியிருக்கிற ஊக்கை எடுத்து நேராகக் குத்திக்கொண்டு வருகிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது.

அடுத்தது வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி, காலை ஒன்று, மதியம் ஒன்று என்று போட்டுக்கொண்டே நடக்கிறார்கள். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும், அதையும் அளவோடு. வலியை அடக்கிவிட்டு நடந்தால் உள்ளே என்ன ஆகிறது என்றே தெரியாது.

தண்ணீரையும் லிட்டர் லிட்டராக வெறுமனே குடிக்காதீர்கள். வியர்வையில் உப்புப் போகிறது. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் கொட்டிக் குடிப்பது தப்பு. நீர்மோரில் உப்புப் போட்டுக் குடித்தாலும் நல்லதுதான். சிறுநீர் அடர் மஞ்சள் என்றால் குடிப்பது போதவில்லை. டீத் தண்ணீர் நிறத்தில் போனால் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படித்தான். அதில் எண்ணெய் போட்டு நீவாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து வெறுங்காலில் நடக்காதீர்கள். பாதம் மரத்துப் போயிருக்கும், கண்ணாடித் துண்டு ஏறினாலும் தெரியாது.

---

வேலுண்டு_வினையில்லை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் செருப்புப் போட்டு நடந்தால் அது என்ன யாத்திரை? மாலை போட்டு விரதம் இருந்து, கடைசியில் ஷூ மாட்டிக்கொண்டு போவதா? கல்லும் முள்ளும் காலுக்கு மெத்தை என்று சும்மாவா சொன்னார்கள்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

ஐயா, அது ஐயப்பனுக்குப் பாடுவது. நாம் பேசுவது தார் ரோடு.

வேண்டுதல் உங்களுடையது, அதில் நான் தலையிட மாட்டேன். காலில் புண் ஆறாமல் விரலை இழந்தவர்களைப் பார்த்த வேலையில் இருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். வெறுங்காலில் நடக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னாலேயே தினமும் காலையில் ரோட்டில் வெறுங்காலில் நடந்து பாதத்தைப் பழக்குங்கள். வருடம் முழுக்கச் செருப்பில் இருந்துவிட்டு, காப்புக் கட்டிய அன்று கழற்றினால் அந்தப் பாதம் என்ன செய்யும்?

ஷூ போடுகிறவர்களுக்கும் ஒன்று. புது ஷூ வேண்டாம். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், விரல் முன்னால் இடிக்காத அளவுக்குக் கொஞ்சம் பெரிதான பழைய ஷூதான் நல்லது. சாக்ஸ் நனைந்தால் மாற்றுங்கள்.

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஆண்கள் எல்லோரும் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்கிறீர்கள். குடித்துவிட்டு எங்கே போவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் பெண்கள் பாதிப் பேர் மதியத்துக்குப் பிறகு தண்ணீரே தொட மாட்டார்கள். திண்டுக்கல் தாண்டியதும் தலைவலி, மயக்கம், கால் இழுப்பு என்று வரிசையாக விழுவார்கள். எல்லோரும் "பாவம், பொம்பளைகளுக்குத் தெம்பு இல்லை" என்பார்கள். தெம்புக்கு என்ன குறைச்சல், ஒதுங்க இடமில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் இப்போது ஒன்று செய்கிறோம். குழுவில் ஒருத்தி பெட்ரோல் பங்க், மண்டபம், கோயில், தெரிந்தவர் வீடு என்று எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்துக்கொள்வாள். டீக்கடைக்காக நிற்பதில்லை, அந்த இடங்களில்தான் நிற்போம். நின்றதும் குடிப்போம். மாதவிலக்கு வந்துவிடுமோ என்கிற பயத்தில் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம். எங்களில் சிலர் அந்த நாட்களில் குழுவோடு நடந்துவிட்டு, மலையேறுவதை மட்டும் தள்ளி வைப்பார்கள். அவரவர் வீட்டு வழக்கம்.

இன்னொன்று, தொடை உரசல். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆண்களும்தான். கொப்புளத்தோடுகூட நடந்துவிடலாம், இதோடு நடக்க முடியாது. கிளம்பும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ள வேண்டும், எரிந்த பிறகு தடவிப் பிரயோஜனம் இல்லை. சேலைக்குள் முழங்கால் வரை காட்டன் லெக்கின்ஸ் போடுங்கள். வேட்டிக்காரர்களுக்கும் இறுக்கமான அரை டிராயர் நல்லது.

---

ஒட்டன்சத்திரத்தான் எழுதியது:

நான் நடக்கிறவன் இல்லை, பார்க்கிறவன். எங்கள் கடைக்கு முன்னால் வருடா வருடம் நீர்மோரும் சாப்பாடும் கொடுக்கிறோம்.

ஆச்சி சொன்னது ரொம்பச் சரி. அடுத்த தடவை எங்கள் தெருவில் இரண்டு வீட்டிலாவது பெண்களுக்குக் கழிப்பறை திறந்துவிடச் சொல்லி, வாசலில் எழுதிப் போடச் சொல்கிறேன். இத்தனை வருடமும் சோறு போடுவதைப் பற்றித்தான் யோசித்தோம்.

சோறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து இங்கே வருவதற்குள் ஒவ்வொரு சாமியும் பொங்கல், தக்காளி சாதம், கேசரி, சுண்டல் என்று நாலு பந்தல் பார்த்துவிட்டு வருகிறார். கொடுப்பதை மறுக்கக் கூடாது என்று வாங்கி, வயிறு முட்டச் சாப்பிட்டு, உடனே வெயிலில் நடந்தால் அரை மணியில் படுத்துவிடுவார். கொஞ்சமாகக் கேட்டு வாங்குங்கள், கொடுக்கிறவர் வருத்தப்பட மாட்டார். பாதி சாப்பிட்டு ரோட்டோரம் வீசினால்தான் வருத்தம். மறுநாள் தட்டும் டம்ளரும் பொறுக்குவது நாங்கள்தான்.

ராத்திரியில் எங்கள் ஊர் வழியாக நடக்கிறவர்கள் காய்கறி மார்க்கெட் லாரிகளைக் கவனியுங்கள். விடிய விடிய ஓட்டம் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் டிரைவரும் வருவார், நீங்களும் வருவீர்கள்.

---

புதுவயல் பையன் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். முடியாமல் போனால் பஸ் ஏறலாமா? எங்கள் குருசாமி "நடுவில் வண்டி ஏறினால் நடந்தது அத்தனையும் வீண்" என்கிறார். சென்ற வருடம் எங்கள் குழுவில் ஓர் அண்ணன் காய்ச்சலோடு ஒட்டன்சத்திரத்திலிருந்து பழநி வரை நடந்து, அங்கே போனதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தரிசனமே பார்க்கவில்லை.

---

வேலுண்டு_வினையில்லை எழுதியது:

குருசாமி சொல்வதில் தப்பில்லை. நேர்ந்துகொண்டதை முடிக்க வேண்டும்.

---

மருதுபட்டி மாமா எழுதியது:

எந்த முருகன் தம்பி, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து "இன்னும் 30 கிலோமீட்டர் பாக்கி" என்று கணக்கு வைத்திருப்பான்?

எங்கள் குழுவில் நடப்பது வேறு. முடியாதவன் வண்டியேறிப் பழநி போய், நாங்கள் வரும் வரை தங்குமிடத்தில் இருப்பான். நாங்கள் சேர்ந்ததும் எங்களோடு கிரிவலம் வந்து மலையேறுவான். விட்ட தூரத்தை நடந்தே ஆக வேண்டும் என்று மனசு உறுத்தினால் உடம்பு தேறியதும் ஒரு கிருத்திகைக்கு வந்து அந்தத் துண்டை மட்டும் நடந்து முடிப்பான். சிலர் அப்படிச் செய்திருக்கிறார்கள், நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

ஒரு விஷயம் பார்த்திருக்கிறேன். பஸ் ஏறலாம் என்று முன்னாலேயே சொல்லி வைத்த குழுவில் பஸ் ஏறுகிறவர்கள் குறைவு. ஏறவே கூடாது என்கிற குழுவில்தான் வலியை மறைத்து, மாத்திரை போட்டு, கடைசியில் ஆம்புலன்ஸ் ஏறுகிறார்கள்.

---

கிழக்குக்கரை எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். பழநிக்கு நான் நடந்ததில்லை, எங்களுடையது கதிர்காமம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வருகிறவர்கள் ஒன்றரை மாதம் வரையில் நடப்பார்கள். நாங்கள் இடையில் சேர்ந்து திருக்கோயில், பொத்துவில் வழியாக உகந்தை முருகன் கோயிலுக்குப் போவோம். ஆடிவேல் விழாவையொட்டி அங்கே காட்டுப்பாதை திறப்பார்கள். குமணைக் காடும் யால காடும் கடந்து கதிர்காமம் போய்ச் சேர நாலைந்து நாள்.

அந்தக் காட்டில் பஸ் என்கிற பேச்சுக்கே இடமில்லை. சமைக்கிற சாமானைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்க வேண்டும். யானை, கரடி உள்ள இடம் என்பதால் தனியாகப் பின்தங்கவும் முடியாது. அதனால் எங்களுக்கு வேகத்தைத் தீர்மானிப்பது முன்னால் போகிறவர் இல்லை. கூட்டத்தில் ஆக மெதுவாக நடக்கிற ஆச்சியை முன்னுக்கு விடுவோம், அவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள். இளம்பெடியன்களுக்கு முதல் நாள் எரிச்சலாக இருக்கும். குமுக்கன் ஆறு தாண்டினதும் அவர்களே அந்த வேகத்துக்கு நன்றி சொல்வார்கள்.

செக்காலைத் தம்பி, குழு முன்னால் போய்விடும், நான் தனியாக வருவேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கென்னவோ உங்கள் காலைவிட அதுதான் பிரச்சினை போலத் தெரிகிறது. தனியாக நடந்தால் வலி இரட்டிப்பாகத்தான் தெரியும்.

---

சிங்கம்புணரி செல்வன் எழுதியது:

அருமை, ஐயா. எங்கள் பக்கம் குழுத் தலைவர் கொடியோடு முன்னால் ஓடுவார், கடைசி ஆள் எங்கே இருக்கிறான் என்று அடுத்த ஊரில்தான் விசாரிப்பார். கடைசியில் வருகிறவருக்குத் துணையாக ஒரு பழைய ஆளைப் போட வேண்டும். அவரிடம் மருந்துப் பை, டார்ச், போன் சார்ஜர் மூன்றும் இருக்க வேண்டும்.

---

செக்காலைக்காரன் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கள் குழுத் தலைவரிடம் பேசினேன். ஐந்து நாளாக மாற்ற ஒத்துக்கொண்டார், முதல் நாளைச் சுருக்குகிறோம். திண்டுக்கல்லில் ஒரு மதியம் முழுக்க ஓய்வு. மெதுவாக நடக்கிறவர்களை முன்னால் விடுவதற்கு மட்டும் "கொடி பின்னால் போகலாமா" என்று யோசிக்கிறார். கொடியையே மெதுவாக நடக்கிறவர் கையில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பஸ் விஷயத்தைக் கிளம்புகிற அன்றே எல்லோருக்கும் முன்னால் அறிவிப்பதாகவும் சொன்னார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஒட்டன்சத்திரத்துக்கு அப்புறம் பழநி வரை எப்படிப் பிரித்துக்கொள்வது?

---

மருதுபட்டி மாமா எழுதியது:

கொடி யோசனை நல்ல யோசனை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழநி 30 கிலோமீட்டருக்குள்தான். விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று வரும். ஒட்டன்சத்திரத்தில் படுத்து, விடிகாலையில் கிளம்பிச் சத்திரப்பட்டியில் காலைச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். மலை கண்ணில் பட்டதும் எல்லோரும் வேகம் எடுப்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மலை காலுக்குப் பக்கத்தில் இல்லை, இன்னும் நிறைய நடக்க வேண்டும். ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றுவிட்டு, கால் மணி நேரம் காலை மேலே தூக்கி வைத்துப் படுத்துவிட்டு ஊருக்குள் போங்கள்.

போன உடனே மலையேறாதீர்கள். பூசத்தன்று கூட்டத்தில் வரிசையிலேயே பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நடப்பதைவிட நிற்பதுதான் வீங்கின காலுக்குக் கொடுமை. குளித்து, தூங்கி, சாப்பிட்டுவிட்டு ஏறலாம். 693 படியில் ஏறுவது உங்களுக்குப் பெரிய விஷயமாக இருக்காது, இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும். இறங்குவதற்கு யானைப் பாதையில் வாருங்கள், சரிவாக இருக்கும்.

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

திரும்பி வருகிற பஸ்ஸையும் சேர்த்து யோசித்துக்கொள், தம்பி. பூசத்தன்று ராத்திரி பழநி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே வந்தால் மறுநாள் கால் யானைக்கால் மாதிரி இருக்கும். நாங்கள் ஊரிலிருந்தே ஒரு வேன் பேசி வைத்துவிடுவோம், தலைக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். உங்கள் குழுவில் இடம் மிஞ்சினால் இங்கேயே எழுது, பள்ளத்தூரில் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.